வயிற்றைப் பார்க்கச் சொன்ன நர்ஸ் செல்லத்தாய்

நர்ஸ் செல்லத்தாய் குற்றாலத்தில் தன் வீட்டில் காலமாகிவிட்டார் என்று ஆஸ்பத்திரி வாட்ச்மேன் பள்ளிக்கூடத்துக்கே வந்து சொன்னார். நாலாம் வகுப்புக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அதை முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். பாதியில் விட்டிருந்தால் செல்லத்தாய் ஏசியிருப்பார்.

தென்காசியில் இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு அவர் ஊசி போட்ட நர்ஸ். எனக்கு அவர் என்ன செய்தார் என்பது உங்களுக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்று நானே மறைத்தேன். இனி மறைக்கப்போவதில்லை.

1960களின் தொடக்கத்தில் என் மலக்குடலில் இருந்த கட்டியை அறுத்து எடுத்தார்கள். இனி வயிற்றின் இடப்பக்கம் திறந்த வழியாகத்தான் மலம் போகும் என்றார் டாக்டர். அது வராமலிருக்க நான் சாப்பாட்டையே நிறுத்திவிட்டேன். கட்டு மாற்றும்போது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வேன். ஒருநாள் செல்லத்தாய் என் மனைவியை வெளியே அனுப்பிவிட்டு, ஒரு கண்ணாடியை என் கையில் கொடுத்தார்.

"பாருங்க சார்வாள். செவப்பா, ஈரமா இருந்தா நல்லா இருக்குன்னு அர்த்தம். கருத்துச்சுன்னா ஒடனே ஓடி வரணும். தொட்டா வலிக்காது."

"என் வீட்டுக்காரி செய்வா" என்றேன்.

"அவ எத்தன நாளைக்குச் செய்வா? வயிறு ஒங்களது. கையும் இருக்குல்லா?"

வெந்நீரில் நனைத்த பஞ்சால் துடைத்தேன். வலிக்கவில்லை. சுற்றியுள்ள தோல் புண்ணாகாமல் களிம்பு தடவவும், பழைய வேட்டித்துணியை மடித்துக் கட்டவும் ஒரு வாரத்தில் பழகினேன். நானாக இட்லி கேட்டுச் சாப்பிட்டதும் அந்த வாரம்தான்.

வேலைக்குத் திரும்பியபோது, பிள்ளைகள் இருக்கிற இடம், சரிப்படாது என்றார் பள்ளி மேனேஜர். மறுநாள் செல்லத்தாய் டூட்டி முடிந்த கையோடு, யூனிபார்மைக்கூட மாற்றாமல் என்னுடன் வந்தார். மேனேஜர் அறையில் கால் மணி நேரம் குற்றாலச் சாரல் மழையைப் பற்றியே பேசினார். பிறகு கேட்டார்.

"இவ்வளவு நேரமா சார்வாள் ஒங்க பக்கத்துலதான் இருக்காவ. வாட வருதா? வந்தா சொல்லுங்க, கூட்டிட்டுப் போயிருதேன். இல்லன்னா சார்வாள் வேலையில சேருற தாள்ல கையெழுத்துப் போடுங்க."

மேனேஜர் எங்கள் முகத்தைப் பார்க்காமலே போட்டார்.

அடுத்து, என்னைப் போலவே ஆபரேஷனாகி யாரிடமும் பேசாமல் கிடந்த ஒரு விவசாயியிடம் என்னைக் கூட்டிப்போனார். சட்டையைத் தூக்கிக் காட்டச் சொன்னார்.

"வெக்கமா இருக்கும்மா."

"இருக்கட்டும். வெக்கத்தோடயே காட்டுங்க."

காட்டினேன். அந்த மனிதர் எழுந்து உட்கார்ந்தார். அதன்பிறகு எத்தனையோ பேருக்குக் காட்டியிருக்கிறேன்.

செல்லத்தாயின் அடக்கம் முடிந்து திரும்பும்போது ஆஸ்பத்திரி வாட்ச்மேன் சொன்னார். அச்சன்புதூரில், போன மாதம் இதே ஆபரேஷனாகி வீடு வந்தவரைத் தொழுவத்தில் கட்டில் போட்டுத் தனியே விட்டிருக்கிறார்களாம். வெளியாள் யாரையும் வீட்டார் பார்க்க விடுவதில்லையாம்.

செல்லத்தாயின் பிடிவாதத்தை நான் என்னிடம் வைத்துக்கொண்டேன். சனிக்கிழமை அச்சன்புதூர் போகிறேன். பஞ்சும் களிம்பும் வாங்கியாயிற்று. அந்த மனிதரைப் பார்க்க வழிவிடும்வரை வாசலைவிட்டு நகரப்போவதில்லை.