பதினோராம் நம்பர் ஸ்டூல்

நாற்பத்து மூன்று வயதில் ஒரு பெண் தச்சு வேலை பழகப் போனால் சிரிப்பதற்கு ஆளுக்கா பஞ்சம்? எதிர்வீடு, பக்கத்து வீடு என்று எல்லாரும் சிரித்தார்கள். டெய்லரம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை. இருபது வருடம் சட்டை தைத்த கம்பெனி ஒரு திங்கட்கிழமை திடீரென்று இழுத்து மூடப்பட்டது. அதற்குப் பிறகு ஒரு வருடமாக வீட்டில் உட்கார்ந்து ஊரார் பேண்ட்டுக்கு ஜிப் மாற்றிக்கொண்டிருந்தாள். இன்னொரு ஜிப்பைத் தொட்டால் பைத்தியம் பிடித்துவிடும் என்ற நிலையில்தான் அந்த ஆறு வாரப் பயிற்சிக்கு விண்ணப்பம் போட்டாள். கடைசி நாளில் ஒரு பரீட்சை. அதில் தேறியவர்களை மேசை நாற்காலி செய்யும் பட்டறை ஒன்று மறுநாளே சம்பளத்தோடு பழகுநராக எடுத்துக்கொள்ளும். தேறாவிட்டால் மறுபடியும் ஜிப்தான்.

பயிற்சி கொடுப்பவன் வேறு யாருமில்லை, ஒரே வீட்டில் இருக்கும் அவளுடைய கொழுந்தன். காலையில் அவள் போட்ட காபியைக் குடித்துவிட்டு, "அண்ணி, சர்க்கரை பத்தல" என்பான். எட்டரை மணிக்குப் பயிற்சிக் கூடத்துக்குள் கால் வைத்ததும் அதே வாய், அவளுடைய வரிசை நம்பரைச் சொல்லி, "பதினொன்னு, கண்ணாடி எங்க? கண்ணுல தூசி விழுந்தா யாரு பதில் சொல்றது?" என்று அதட்டும். சொந்தக்காரிக்குச் சலுகை காட்டுகிறான் என்று ஒருத்தரும் சொல்லிவிடக் கூடாதாம். அதனால் மற்ற பதினோரு பேருக்கும் ஒரு திட்டு என்றால் அவளுக்கு இரண்டு.

முதல் வாரம் முழுக்க உளி தீட்டவிட்டான். இரண்டாவது வாரம் கோடு போடவிட்டான். மூன்றாவது வாரம்தான் ரம்பமே கைக்கு வந்தது. அன்றைக்கே மானமும் போனது.

"என்ன இது, பதினொன்னு?"

"ஸ்டூல் கால்."

"கோட்டுக்கு வெளிய அரை இன்ச் நீளமா இருக்கே?"

"அது தையலுக்கு விட்டது" என்று வாயிலிருந்து வந்துவிட்டது.

கூடமே சிரித்து உருண்டது. அவளுக்கு அவள் கையின் மேலேயே எரிச்சலாக வந்தது. துணியை யார்தான் கோட்டின் மேலேயே வெட்டுவார்கள்? மடித்துத் தைக்க இடம் விட வேண்டாமா? இருபது வருடப் பழக்கம், சொன்னால் கேட்குமா கை?

நீளமான காலையாவது மறுபடி அறுத்துக்கொள்ளலாம். துளைதான் உயிரை வாங்கியது. ஸ்டூலின் பலகையில் நாலு துளை கொத்தி, ஒவ்வொன்றிலும் ஒரு காலின் முனை இறுக்கமாக நுழைய வேண்டும். அவளோ சட்டைக்கு விடுவது போலத் துளைக்கும் கொஞ்சம் லூஸ் விட்டாள். கால் ஆடியது.

"உடம்புக்குத்தான் லூஸ் வேணும், பதினொன்னு. ஸ்டூல் மூச்சு விடாது" என்றான் கொழுந்தன்.

அன்று இரவு அவன் தட்டில் குழம்பு கொஞ்சம் குறைவாகவே விழுந்தது.

பரீட்சைக்கு மூன்று மணி நேரம். ஒரு முழு ஸ்டூல். சொந்தக்காரி இருப்பதால் மார்க் போட வெளியிலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். கொழுந்தன் வாயே திறக்கக் கூடாது என்று உத்தரவு. டெய்லரம்மா கோட்டுக்கு உள்ளேயே நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு கொத்தினாள். மூன்று கால்கள் மரச்சுத்தியலால் நாலு தட்டுத் தட்டியதும் கிண்ணென்று நின்றன. நாலாவது காலை வைத்தாள். தட்ட வேண்டிய அவசியமே இல்லாமல் தானாக இறங்கியது. பாழாய்ப்போன கை, கடைசித் துளையில் மறுபடி புத்தியைக் காட்டிவிட்டது.

கடிகாரத்தில் இன்னும் பதினைந்து நிமிடம் இருந்தது. கொத்திய துளையைச் சிறிதாக்க முடியாது. முனை கொஞ்சம் தடியாக இருக்கும்படி வேறொரு கால் செய்தால்தான் உண்டு. கொழுந்தனைப் பார்த்தாள். அவன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். ஆத்திரமாக வந்தது. ஆடுகிற ஸ்டூலைத் தன் பேரில் கொண்டுபோய் வைப்பதாவது! காலைப் பிடுங்கிக் கீழே போட்டுவிட்டுப் புதுக் கட்டையை எடுத்தாள்.

மணி அடித்தபோது ஸ்டூலுக்கு மூன்று கால். நாலாவது அவள் கையில் பாதி வேலையில் இருந்தது.

பெரியவர் எழுதிக்கொண்டே பேசினார். "வேலை சுத்தமாத்தான் இருக்கு. ஆனா ஸ்டூல் முடியலையேம்மா. அதுக்கு இருபத்தஞ்சு போயிடும். மொத்தம் நாப்பத்தி நாலு. பாஸ் மார்க் அம்பது."

"கால் ஆடுச்சுங்க. அதான் கழட்டினேன்."

"ஆடினா அஞ்சு மார்க்தானேம்மா கொறைப்போம்?"

அவளுக்குக் கணக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. ஆடுகிற காலோடு சும்மா நின்றிருந்தால் அறுபத்து நாலு.

வீட்டுக்குப் போகும் வழி முழுவதும் கொழுந்தன் இரண்டடி தள்ளியே நடந்துவந்தான். மருந்துக்கடை முனையில் அவள் நின்றாள்.

"தம்பி, உனக்கு அந்த அஞ்சு மார்க் விஷயம் முன்னாடியே தெரியுமா?"

"தெரியும் அண்ணி."

"நான் கழட்டுறத பாத்துக்கிட்டுத்தான நின்ன?"

"பேசக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க." கொஞ்சம் தயங்கிவிட்டு, "நீங்க பண்ணதுதான் அண்ணி சரியான வேலை. ஒரு நல்ல தச்சன் அதத்தான் பண்ணுவான்" என்றான்.

"மூணாம் நம்பர் பையனோட ஸ்டூல் எப்படி இருந்துச்சு?"

அவன் மருந்துக்கடை போர்டைப் படிக்க ஆரம்பித்தான்.

"சொல்லுடா."

"ரெண்டு காலு ஆடுச்சு."

"அவன் நாளைக்குக் காலையில வேலைக்குப் போறான். நல்ல தச்சன் போய் ஜிப் மாத்தணும்."

தெருவில் போகிறவர்கள் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்காமல் அவள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். அழுகையைவிடக் கோபம்தான் அதிகம் இருந்தது. யார் மேல் என்றுதான் பிடிபடவில்லை.

"அடுத்த பேட்ச் எப்போ?" என்றாள்.

"ரெண்டு மாசத்துல அண்ணி."

"ஃபாரம் வாங்கிட்டு வா. ஆனா இன்னைக்கு என்கூடப் பேசாத."