ஆணியில் தொங்கிய சாவி

குறிப்பு எடுத்துக்கொள்ளாமல் எதையும் எழுதத் தெரியாதவன் நான். ஞானப்பிரகாசம் சார் மறைந்த செய்தி வந்த அன்று மாலையே ஒரு தாளில் இப்படி எழுதிக்கொண்டேன்:

1. செய்தி வந்த விதம்.
2. சாவியைப் பற்றிய அவருடைய சட்டம்.
3. அவருடைய படகுக் காரும் மகன் ஸ்டான்லியும்.
4. அவர் பயமே அறியாதவர். சான்று: அந்த ஞாயிற்றுக்கிழமை.
5. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது.

அந்தத் தாளில் இருந்ததை அப்படியே தந்திருக்கிறேன். அவரோடு வேலை பார்த்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். என் நினைவில் பிசகு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டான்லிதான் மந்தாரக்குப்பத்திலிருந்து ஃபோன் செய்தான். "மாமா, அப்பா போயிட்டாரு. காபி கேட்டாரு. போட்டு எடுத்தாறதுக்குள்ள..." என்றான். என்ன ஆறுதல் சொன்னேன் என்பது எனக்கு நினைவில்லை. ஃபோனை வைத்ததும் என் கை தானாகச் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தது. அவர் பெயரைக் கேட்டதும் உங்கள் கையும் அங்கேதான் போயிருக்கும்.

அறுபதுகளின் தொடக்கத்தில் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் அவர் பழுதுபார்க்கும் பிரிவின் உதவிப் பொறியாளர். நான் வரைபடப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவன். எந்திரத்துக்குள் இறங்குகிறவன் முதலில் சுவிட்சைப் பூட்ட வேண்டும். அந்தச் சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் இறங்க வேண்டும். இது எல்லாச் சுரங்கத்திலும் உள்ள விதிதான். ஆனால் அவர் அதை ஜெபம் போலச் சொல்ல வைப்பார். ஷிஃப்ட் தொடங்கும்போது வரிசையாக நிற்பவர்களைப் பார்த்து, "சாவி எங்கடா இருக்கணும்?" என்பார். எல்லோரும் பையைத் தட்டிக் காட்ட வேண்டும். "உள்ள இருக்கறவன் உசுரு அவன் பையிலதான் இருக்கணும். அடுத்தவன் பையிலயும் கூடாது, ஆணியிலயும் கூடாது" என்பார்.

ஒரு நாள் மண் அள்ளிப் போகும் பெல்ட் நின்றிருந்தது. பழுது பார்த்தவன் வேலையை முடித்துவிட்டு, சாவியைப் பையில் வைத்தபடியே சாப்பிடப் போய்விட்டான். அந்த நேரம் பார்த்துப் பெரிய அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து இறங்கி, ஞானப்பிரகாசம் சாரைக் கேட்டார்:

"இன்னொரு சாவி கிடையாதா?"

"இருக்கு சார்."

"அப்புறம் என்ன, திறந்து விடுங்க."

"அவன் வந்து திறக்கட்டும் சார்."

"அவன் உள்ளே இல்லைங்கிறது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும் சார். இன்னிக்கு எனக்குத் தெரியும்னு நான் திறந்தா, நாளைக்கு இன்னொருத்தன் தனக்குத் தெரியும்னு திறப்பான்."

"ரிப்போர்ட் எழுதுவேன்."

"எழுதுங்க சார். நீங்க எழுதி முடிக்கறதுக்குள்ள சாவி வந்துடும்."

வரைபடச் சுருளை மார்போடு அணைத்துக்கொண்டு நான் இரண்டடி பின்னால் நகர்ந்தேன். சார் நின்ற இடத்திலேயே நின்றார்.

அப்படிப்பட்டவர் வீட்டில் சாவி எங்கே இருந்தது என்பதை இனிச் சொல்ல வேண்டும்.

ஊர் திரும்பிய வெளிநாட்டு என்ஜினியர் ஒருவர் தம் பெரிய காரை அவரிடம் விற்றுவிட்டுப் போனார். சைக்கிளும் ஜீப்பும் மட்டுமே ஓடிய எங்கள் டவுன்ஷிப் பிளாக்கில் அது துறைமுகத்தில் கப்பல் புகுந்த மாதிரி இருந்தது. படகுக் கார் என்று பெயர் வைத்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் மந்தாரக்குப்பத்திலிருந்து ராமலிங்கம் என்ற டிரைவர் வந்து, குடும்பத்தை மாதா கோயில் பூசைக்கு அழைத்துப் போவார். அப்போது ராமலிங்கம் சுரங்கத்தில் கான்ட்ராக்டில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். பெர்மனன்ட் ஆகும் நாளை எதிர்பார்த்திருந்தார்.

ராமலிங்கத்தைப் பார்த்துப் பார்த்தே ஸ்டான்லி ஓட்டக் கற்றுக்கொண்டான். பதினாறு வயது. டவுன்ஷிப்பின் புதுச் சாலைகள் அகலமாகவும் ஆளில்லாமலும் கிடந்தன. காருக்குள் ஏழெட்டுப் பையன்கள் அடைந்துகொள்ள, அவன் திருப்பங்களில்கூட வேகத்தைக் குறைக்காமல் செம்மண்ணைக் கிளப்பிக்கொண்டு போவான். நாங்கள் வாசலில் நின்று ரசித்தோம். ராமலிங்கம் மட்டும் ஒரு நாள் சொன்னார்:

"ஐயா, தம்பிக்குக் காலு ரொம்ப கனங்க. அமுக்கினா எடுக்க மாட்டேங்குது."

ஞானப்பிரகாசம் சார் சிரித்தார். "வண்டி கேக்குது, அவன் குடுக்குறான். நீ ஏன்யா பதர்ற?" அந்தச் சிரிப்பில் இருந்தது தகப்பனின் பெருமை. மகன் ஓட்டுவதைப் பார்க்கும்போது அவர் முகம் மலர்வதை நானே பலமுறை கண்டிருக்கிறேன்.

கார்ச் சாவி கூடத்துச் சுவரில், காலண்டருக்குப் பக்கத்தில், ஓர் ஆணியில் தொங்கியது.

அது பலாப்பழக் காலம். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்குப் பிறகு சார் கண்ணயர்ந்திருந்தார். ஸ்டான்லி சாவியை எடுத்துக்கொண்டு, இரண்டு நண்பர்களோடு பண்ருட்டிச் சாலையில் போனான். முத்தாண்டிக்குப்பத்துக்குச் சற்று முன்னால் ஒரு திருப்பத்தில், அதே பக்கமாகச் சைக்கிளில் போன கோவிந்தன் என்பவர் மேல் கார் பின்னாலிருந்து மோதியது. கோவிந்தன் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் கூலி. கேரியரில் ஒரு பலாப்பழத்தைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். நண்பர்கள் இருவரும் இறங்கி ஓடிவிட்டார்கள். ஸ்டான்லி ஓடவில்லை. வழியில் போனவர்கள் கைகொடுக்க, கோவிந்தனை அதே காரில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வீட்டுக்கு வந்தான்.

கார் வாசலில் வந்து நின்றபோது நான் அவர்கள் வீட்டுக் கேட்டருகே இருந்தேன். முன்பக்கம் நசுங்கியிருந்தது. அதில் பலாச்சுளைகள் அப்பிக் கிடந்தன. தெரு முழுவதும் அந்த வாசனை. ஈ மொய்க்கத் தொடங்கிவிட்டது. இன்றும் என் வீட்டில் பலாப்பழம் அறுத்தால் நான் வெளியே போய்விடுவேன்.

பிளாக்கே கூடத்தில் கூடிவிட்டது. கோவிந்தனுக்கு உயிருக்கு ஆபத்தில்லை, தொடை எலும்பு முறிந்திருக்கிறது என்று செய்தி வந்தது. உடனே எதிர்வீட்டு அதிகாரி யோசனை சொன்னார்: "ராமலிங்கம் ஓட்டினான்னு சொல்லிடலாம் சார். அவன்கிட்ட லைசென்ஸ் இருக்கு. ஃபைனோட போயிடும். பையன் காலேஜ் போகவேண்டியவன். லைசென்ஸ் இல்லாத பையன்கிட்ட வண்டியைக் குடுத்தீங்கன்னு வந்தா உங்க பிரமோஷனும் போச்சு." சுற்றி நின்ற பலரும் தலையாட்டினார்கள்.

அதற்குள் ராமலிங்கம் சைக்கிளில் விரைந்து வந்துவிட்டார். மூச்சு வாங்க, "நானே சொல்லிக்கிறேங்க ஐயா. தம்பி சின்னப் புள்ள" என்றார்.

"உனக்கு பெர்மனன்ட் ஆர்டர் வர்ற நேரம்தானே ராமலிங்கம்?" என்று சார் கேட்டார்.

"ஆமாங்க."

"கேஸ் வந்தா?"

ராமலிங்கம் தரையைப் பார்த்தார். "வந்தா வருது, வராட்டி போவுதுங்க. லாரி இருக்குது, ஓட்டிகினு போறேன்."

ஞானப்பிரகாசம் சார் திரும்பிச் சுவரைப் பார்த்தார். வெறும் ஆணிதான் இருந்தது.

"மைன்ஸ்ல சாவியப் பையில போடுடா, பையில போடுடான்னு தொண்டை கிழியக் கத்தினவன் நான். என் வூட்ல ஆணியில மாட்டி வெச்சிருந்தேன்" என்றார். அது எங்களுக்குச் சொன்னது போல இல்லை.

அவருடைய மனைவி உள்ளறை வாசலிலிருந்து, "நான் எத்தினி வாட்டி சொன்னேன்" என்றார். "சொன்னே" என்று அவர் ஒத்துக்கொண்டார்.

எதிர்வீட்டுக்காரர் மறுபடி ஆரம்பித்தார். சார் கை காட்டி நிறுத்தினார். "வண்டி என்னுது. சாவி என்னுது. புள்ளையும் என்னுது. இதுல ராமலிங்கத்துக்கு என்ன பங்கு?" பிறகு மூலையில் உட்கார்ந்திருந்த மகனிடம், "எழுந்திரு. சட்டையை மாத்திக்க. ஸ்டேஷனுக்கு நடந்தே போவோம்" என்றார்.

தகப்பனும் மகனும் தெருவில் நடந்து போனதை நான் கேட்டைப் பிடித்தபடி பார்த்தேன். சார் முதுகு வளையாமல், யாரையும் பார்க்காமல் போனார். அந்தக் காட்சியைத்தான் இத்தனை காலம் மனத்தில் வைத்திருந்தேன். எனக்கு ஒரு சங்கடம் வரும்போதெல்லாம் அந்த முதுகை நினைத்துக்கொள்வேன். அது அவரால் முடியும், நமக்கு ஏது அந்த நெஞ்சு என்று நினைத்து ஒதுங்கியும் விடுவேன்.

வழக்கு நடந்தது. பதவி உயர்வு அவரைத் தாண்டிப் போனது. ராமலிங்கம் பெர்மனன்ட் ஆனார். காரைப் பண்ருட்டி முந்திரி வியாபாரி ஒருவர் வாங்கிக்கொண்டார். ஆணியைப் பிடுங்கிவிட்டார்கள், அந்த ஓட்டையைக் கடைசிவரை பூசவில்லை.

கோவிந்தனின் கால் கூடும்வரை ஒவ்வொரு ஞாயிறும் தகப்பனும் மகனும் முத்தாண்டிக்குப்பத்துக்குச் சைக்கிளில் போனார்கள். ஒருமுறை சார் என்னையும் அழைத்துப் போனார். கட்டிலில் கிடந்த கோவிந்தன், தண்ணீர்க் குடத்தோடு உள்ளே வந்த ஸ்டான்லியைப் பார்த்து, "வாங்க தம்பி. பலாப்பழத்தக் கத்தியால அறுப்பாங்க. காரால அறுத்தவரு நீங்க ஒருத்தர்தான்" என்றார். வீட்டிலிருந்தவர்கள் சிரித்தார்கள். ஸ்டான்லிக்கு அழுகை வந்துவிட்டது. சார் அவனைத் தேற்றவில்லை, "குடத்த எறக்கி வெச்சிட்டு அழு. தண்ணி சிந்துது" என்றார். அதற்கும் சிரிப்பு. இந்த முறை ஸ்டான்லியும் சிரித்தான். கோவிந்தன் கடைசிவரை சற்று இழுத்துத்தான் நடந்தார். ஆனால் பழக் காலத்தில் முதல் பழம் சார் வீட்டுக்குத்தான் வரும்.

பின்னாளில் ஒரு முறை நான், "பையன் தப்புக்கு நீங்க தண்டனை அனுபவிச்சீங்க சார்" என்றேன். "இல்ல தம்பி. அவன் தப்பு அவனுக்கு, என் தப்பு எனக்கு. ரெண்டுக்கும் ஸ்டேஷன் ஒண்ணுதான்" என்றார்.

ஐந்தாவது குறிப்புக்கு வருகிறேன். வேகமான வண்டியைப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டுப் பிறகு அலறும் வீடுகளைப் பற்றி இன்றும் செய்தித்தாளில் படிக்கிறேன். அந்தப் பிள்ளையின் பெயரை என் கண் தேடுவதில்லை. சாவி எங்கே இருந்தது என்றுதான் தேடுகிறது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இது ஒன்றுதான் என்று எண்ணியிருந்தேன்.

அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு ஸ்டான்லி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவனுக்கும் இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அவன் அப்பாவின் நெஞ்சுரத்தைப் பற்றி நான் ஏதோ சொன்னேன். அவன் தலையசைத்து மறுத்தான்.

"நீங்க கேட்டுல நின்னுகினு பாத்தீங்க இல்ல மாமா? அதனாலதான் அப்படி நடந்தாரு. தெருமுனை திரும்பினதும் நின்னுட்டாரு. கை ரெண்டும் நடுங்குது. 'டேய், எனக்கு பயமா இருக்குடா. கையப் புடிச்சுக்க'ன்னாரு. நான் புடிச்சுகினேன். ஸ்டேஷன் வாசல் வரைக்கும் விடவே இல்ல."

வீட்டுக்கு வந்து அந்தத் தாளை எடுத்தேன். அடித்துத் திருத்தப் பேனாவைத் திறந்தேன், பிறகு மூடிவிட்டேன். என் கணிப்பு எவ்வளவு பிசகியது என்பதும் அவர் கதையில் சேர்ந்தது என்று தோன்றியது. அவர் பயமற்றவர் என்று நம்பியது எனக்கு வசதியாக இருந்தது. அவர் வேறு பிறவி, நான் வேறு என்று இருந்துவிட்டேன். என்னைப் போலவே நடுங்கிய கை அது. அந்தக் கையோடுதான் அவர் ஸ்டேஷன் வரை போயிருக்கிறார். இனி நான் வைத்துக்கொள்வது அந்தக் கையைத்தான்.

நான்காவது குறிப்பு தவறு.