நெற்றியில் ஒட்டிய ரூபாய்

முப்பதாண்டுகள் கல்லூரியில் வேதியியல் கற்பித்தேன். என் மனைவி அதை ஒருபோதும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

தொண்ணூறுகளில் புதிய ஒரு ரூபாய் நாணயம் நீடாமங்கலத்துக் கடைகளில் புழங்கத் தொடங்கியபோது, ஃப்ரிட்ஜ் கதவிலிருந்த காந்த ஒட்டகத்தை எடுத்து அவளுக்கு விளக்கினேன். துபாயில் வேலை பார்க்கும் மகன் கொண்டுவந்த ஒட்டகம் அது. பழைய ரூபாயில் முக்கால் பங்கு செம்பு, கால் பங்கு நிக்கல்; காந்தம் ஒட்டாது. புதியது இரும்பும் குரோமியமும் கலந்த எஃகு, ஒட்டும்.

"அப்ப இது நம்ம எவர்சில்வர் டம்ளர்தான்னு சொல்றீங்க?"

"ஏறக்குறைய."

எங்கள் பக்கத்தில், இறந்தவர் நெற்றியில் சந்தனம் அப்பி ஒரு ரூபாய்க் காசை ஒட்டுவார்கள். அவளுக்கு உடனே அது நினைவு வந்தது.

"நான் போனா நெத்தியில டம்ளரை ஒட்டிறாதீங்க. கனமா, பழைய காசா வைங்க. வாத்தியார் பொண்டாட்டிக்கு ஒரு மரியாதை வேணாமா?"

"நான்தான் முந்துவேன்."

"நீங்களா? பஸ்ஸுக்கே முந்தினதில்ல."

அவள் கணிப்பு இதிலும் தவறவில்லை. கடந்த தை மாதம் அவளைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது, அவள் தங்கை சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். விரலிடுக்கில் புதுக்காசு மின்னியது. "கொஞ்சம் இரும்மா" என்று தடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன். அவள் சில்லறை போட்டுவைக்கும் கடுகு டப்பாவைத் தட்டில் கவிழ்த்து, ஒட்டகத்தை மேலே நகர்த்தினேன். காசுகள் கொத்தாக அதன் வயிற்றில் ஏறின.

அன்று விடியலில்தான் வந்திறங்கிய மகன் வாசற்படியில் நின்றான்.

"என்னப்பா பண்றீங்க? எல்லாரும் காத்திருக்காங்க."

"உங்கம்மா சொன்ன வேலை."

எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதென்று அவன் முகம் சொன்னது. தட்டில் ஒரே ஒரு காசு அசையாமல் கிடந்தது.

அது நெற்றியில் நிற்கவில்லை, இருமுறை சரிந்தது. கனம் கேட்டவள் அவள்தானே. மூன்றாம் முறை தாராளமாகச் சந்தனம் அப்பினோம்.

மயானத்தில், அங்கே வேலை பார்ப்பவர் வழக்கப்படி காசை எடுத்தார். புரட்டிப் பார்த்தார்.

"ஐயா, இதை டீக்கடையில வாங்க மாட்டாங்க. புதுசு இருந்தா குடுங்களேன்."

மகன் ஒரு டம்ளரைக் கொடுத்தான். பழையது என் கைக்கு வந்தது.

வீடு திரும்பியதும், சந்தனம் ஒட்டியபடியே அதைக் கடுகு டப்பாவில் போட்டேன். அடுத்த முறை ஒட்டகத்தைத் தேட வேண்டாம், இது எனக்கு என்று மகனிடம் சொன்னேன்.

"சும்மா இருங்கப்பா."

பஸ்ஸுக்கே முந்தாதவன் நான் என்று அவனைத் தேற்றினேன்.