யாதகிரிக்கு நான் போட்ட ஒத்த ஸ்டாரு

ஏட்டி செல்வி, ஒனக்கு என்னத்துக்கு இந்த வம்பு? ஃபோன எடுத்தா "பெரியம்மா சாப்பிட்டியா, முட்டுவலி எப்பிடி இருக்கு"ன்னு கேக்கணும். அத உட்டுட்டு, "ஹைதராபாத்துல ஒரு குழாய்க்காரன் பொழப்பக் கெடுத்தியாமே"ன்னா கேக்கது? யாரு சொன்னா? எம் மருமவ ரேவதிதான? அவ வாய்க்கு ஒரு வாஷர் போடணும். சரி, கேட்டது கேட்டுட்ட. அவ சொல்லுத மாதிரி அம்பாசமுத்திரம் பூராம் பரவுததுக்கு முன்ன நானே சொல்லிருதேன். எழுதி வச்சிக்க. கேக்கவங்களுக்குப் படிச்சிக் காட்டு.

இந்த ஊர்ல இப்ப குழாய்க்காரன் வாரதுக்கு முந்தி அவன் போட்டோ வருது, ஃபோன்ல. மாப்பிள்ள போட்டோ மாதிரி. கீழ பேரு, எத்தன வீட்ல வேல பாத்தான், எத்தன ஸ்டாரு, இன்னும் எத்தன நிமிசத்துல வருவான், எல்லாம் இருக்கும். சாதகம் மட்டுந்தான் இல்ல. எங்களுக்கு ஒரு குழாய்க்காரன் அவசரமா வேண்டி இருந்திச்சி. குகட்பள்ளி ஹவுசிங் போர்டுல எங்க வீடு மூணாம் மாடி. நேர் கீழ சுஜாதா வீடு. எங்க பாத்ரூம் தண்ணி அவ அடுப்பாங்கரைல சொட்டுது. நான் மூஞ்சி கழுவுனா அவ பப்புல, அதான் பருப்புல, உப்பு கொறையுது. நாலு நாளு "பரவால்ல ஆண்ட்டி"ன்னா. அஞ்சாம் நாளு "பரவால்ல"ய உட்டுட்டு ஆண்ட்டின்னு மட்டும் கூப்ட்டா.

நம்ம ஊர்ல நமக்கு ஃபோனும் வேண்டாம் புக்கும் வேண்டாம். தெருமொனைல நிக்கவங்கிட்ட சொன்னா மாடசாமிக்கு சேதி போயிரும். அவன் யாரு, அவன் தாத்தா யாரு, பொண்டாட்டிகூட என்ன சண்ட, எல்லாம் தெரியும். வேலதான் நடக்காது. மூணு நா கழிச்சி வந்து, காப்பியக் குடிச்சிட்டு, "ஸ்பேனர் எடுத்துட்டு வாரேன்"னு போவான். போனவன் போனவந்தான். கல்யாணம் முடிஞ்சி நான் இங்கன வந்தப்ப ஒங்க பெரியப்பாவுக்கு பாலாநகர்ல லேத்து வேல. இந்த ஊர்ல ஒருத்தனயும் தெரியாது. வீட்டுக்கு ஃபோன் இழுத்த வருசம் கூடவே ஒரு மஞ்ச புக்கு வந்திச்சி, செங்கல் தண்டிக்கு. அத்தன தச்சன், கொத்தன், கரண்டுக்காரன் பேரும் நம்பரும் அதுக்குள்ள. எல்லாம் இங்கிலீசு. நான் மூணாங்கிளாசு, அதுவும் தமிழ்ல, அதுவும் பாதி நாளு. நம்பர் மட்டும் நல்லா வாசிப்பேன். அவுக ஷிப்ட்டுக்குப் போகையில பக்கத்த மடிச்சி வச்சிட்டுப் போவாவ. நான் அந்தப் பக்கத்துல மொத ஆளுக்கு ஃபோன் போட்டுருவேன். மொதல்ல போட்டுருக்கான்னா கெட்டிக்காரனாத்தான இருப்பான்? வந்தவன் நல்லா இருந்ததயும் ஒடச்சிட்டுப் போனான். அவுக புக்கப் பாத்துட்டு அப்பிடிச் சிரிச்சாவ. "மொத எடம் கெடைக்கதுக்காக பேருக்கு முன்னால மூணு ஏ போட்டுருக்கான்ட்டி. அவன் புக்குக்குத்தான் கெட்டிக்காரன், குழாய்க்கு இல்ல"ன்னாவ. பொறவு எனக்காக ஒவ்வொரு பேரு பக்கத்துலயும் பென்சில்ல தமிழ்ல எழுதி வச்சாவ. "சொன்னா வருவான்." "வாய் ஜாஸ்தி." "மோர் குடு, வேல நல்லாப் பாப்பான்." அவுக போயி எட்டு வருசமாச்சி. அந்த நம்பர்ல ஒண்ணுக்கும் இப்ப மணி அடிக்காது. புக்கு மட்டும் இருக்கு. மேல் ஷெல்ஃபு எட்டாது, ஏறி நிக்க வச்சிருக்கேன்னு ரேவதிட்ட சொல்லிருக்கேன். ஏறுனதில்ல.

சரி, கதைக்கு வாரேன். முன்ன வந்த ரெண்டு பேரும் டைல்ஸு பூராத்தயும் ஒடைக்கணும்னானுவ. மூணாவதா ரேவதி ஃபோன்ல தேடிப் புடிச்சவந்தான் யாதகிரி. எண்ண வச்சி படிய சீவி, கம்பெனி சட்ட போட்டு, செருப்ப வாசல்ல கழட்டிட்டு வந்தான். சுத்தியல எடுப்பான்னு பாத்தா, "அம்மா, மஞ்சப்பொடி இருக்கா?"ன்னு தெலுங்குல கேக்கான். தண்ணில கரச்சி ஒவ்வொரு ஓட்டையா ஊத்துதான். கீழ சுஜாதாவ அண்ணாந்து பாக்கச் சொல்லிட்டான். குளிக்க எடத்துல ஊத்துனான், ஒண்ணுமில்ல. கை கழுவுத தொட்டில ஊத்துனான், கீழருந்து "ஒச்சிந்தி! ஒச்சிந்தி!"ன்னு ஒரு கூப்பாடு. மஞ்ச வந்துட்டாம். அந்தத் தொட்டிக்கு அடியில கழட்டி மாட்டுனான், அவ்வளவுதான். ஒரு டைல்ஸு ஒடையல. எனக்கு அவன மடில வச்சிக் கொஞ்சலாம் போல இருந்திச்சி.

போகையில கூச்சமா, "அம்மா, புதுசா சேந்திருக்கேன், ஸ்டார் போடுங்க"ன்னான். ரேவதி ரூமுக்குள்ள ஆபீசு மீட்டிங்ல இருக்கா. ஃபோன எங்கைல குடுத்து "அமுக்குங்க அத்த"ன்னு சைக காட்டிட்டா. பாத்தா வரிசையா அஞ்சு ஸ்டாரு, எல்லாம் வெறுமன நிக்கி. மூஞ்சிக்கு நேரா புகழக்கூடாது, கண்ணு பட்டுரும்லா? ஃபோன அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டேன். மொத ஸ்டார ஒரு அமுக்கு அமுக்குனேன். அஞ்சாவத அமுக்குனா அஞ்சாம் ரேங்கு ஆயிராதா? எம் மவன் பள்ளிக்கூடத்துல கடேசி வர வாங்காத ஒண்ணாம் ரேங்க அன்னைக்கு யாதகிரிக்குக் குடுத்தேன். "என்ன போட்டீங்கம்மா?"ன்னான். "நாளைக்குப் பாரு, ஆடிப் போயிருவ"ன்னேன்.

நாலாம் நாளு வாசல்ல நிக்கான். கம்பெனி சட்ட இல்ல. நான் பல்லக் காட்டி "ரா பாபு, ரா"ன்னு உள்ள கூப்டுதேன். அவன் செருப்பக் கழட்டல, படியத் தாண்டல. "அம்மா, என்ன தப்பு செஞ்சேன்?"ன்னான். புதுசா சேந்தவனுக்கு ஒத்த ஸ்டாரு விழுந்தா வேலையே வராதாம், ஆள நிறுத்தி வச்சிருவாவளாம். இப்பிடி வீடு தேடி வரதும் தப்பாம், தெரிஞ்சா அதுக்கும் தனியா காசு வெட்டாம். "சண்டைக்கு வரலம்மா. என்ன தப்புன்னு சொல்லிட்டீங்கன்னா அடுத்த வீட்ல செய்ய மாட்டேன்"னான். செல்வி, அவன் வஞ்சிருந்தா நானும் நாலு வஞ்சிட்டுக் கதவச் சாத்திருப்பேன். இப்பிடிக் கேட்டா என்ன செய்யது?

"தப்பா? நீதாண்டா ஃபர்ஸ்டு!"ன்னு நான் கத்துன சத்தத்துல ரேவதி வெளிய வந்தா. "அத்த, எத்தன ஸ்டார் அமுக்குனீங்க?"

"ஒண்ணு. பின்ன?"

தலைல அடிச்சிக்கிட்டு சிரிச்சா. யாதகிரி மூஞ்சியப் பாத்தா, சிரிப்பு நின்னுட்டு.

மாத்திரலாம்னு அவ ஃபோன்ல எழுதுனா. மெசினு பதில் போடுது: ஒங்களுக்கு நேர்ந்த செரமத்துக்கு வருந்துதோமாம். செரமமே இல்லன்னு எழுதுனா. அதுக்கும் வருந்துது. லேட்டா வந்தான், மரியாத இல்ல, வேல சரியில்லன்னு குத்தம் சொல்ல வரிசையா பொத்தான் வச்சிருக்கான். "தப்பு எம்மேல"ன்னு அமுக்க ஒரு பொத்தான் இல்லட்டி. பெரியப்பா தப்பா எழுதிட்டா ரப்பர வச்சி அழிப்பாவ, முடிஞ்சிது. கடேசியா மெசினு சொல்லுது, கொறையச் சரி பண்ண வேற ஆள காசில்லாம அனுப்புதோம்னு. ரேவதி வேண்டாம்னு அமுக்கப் போனா. "நக்கோ, அமுக்காத! கைய எடு. வரச் சொல்லு"ன்னேன். மெசினுகிட்ட மனுசனக் கேட்டா தராது. அதுவா ஒரு மனுசன அனுப்புதேங்குது, உடுவனா?

மறுநா ஒரு வயசாளி பையத் தூக்கிட்டு வந்தாரு. தொட்டிக்கடில குனிஞ்சி பாத்தாரு, தட்டிப் பாத்தாரு. "இத யாரு செஞ்சா? நல்லாத்தான செஞ்சிருக்கான்!"ன்னாரு. "இத அப்பிடியே ஒங்க மேலாளுக்குச் சொல்லுங்க"ன்னு கைல டீயக் குடுத்து, கதவச் சாத்தி, முன்னால நாக்காலி போட்டு உக்காந்துகிட்டேன். டீ ஆறுததுக்குள்ள ஃபோன் போட்டுட்டாரு. அந்தப் பக்கம் ஒரு சின்னப் பொண்ணு. எந் தெலுங்கு ஒனக்குத் தெரியும், பாதி தமிழு, பாதி இந்தி. எல்லாம் கேட்டுட்டு, "அப்ப இந்த ஆள் மேலயும் கம்ப்ளெயிண்டா அம்மா?"ன்னு கேக்கா! வயசாளி மூஞ்சி செத்துப் போச்சு. மறுபடியும் மொதல்லருந்து, ஒண்ணாம் ரேங்குன்னா என்னன்னு வெளக்குனேன். பொறவு சிரிச்சா. "எங்க பாட்டியும் இதத்தான் அமுக்கிருப்பாங்க"ன்னா. ஸ்டார அழிக்க முடியாதாம். மேல எழுதிப் போடுதாளாம், அவன் வேல திரும்பி வர பத்து நா ஆகுமாம்.

நான் அமுக்குனது ஒரு நொடி. அதுக்கு அவன் பத்து நா கையக் கட்டிட்டு இருக்கணுமா? மஞ்ச புக்க எடுத்தேன். குழாய்க்காரங்க பக்கம், மூணு ஏ போட்டுருக்கான்லா, அவன் தலைக்கு மேல இருந்த எடத்துல "யாதகிரி"ன்னு எழுதுனேன். அவங்கிட்ட கேட்டு வாங்குன நம்பர எழுதுனேன். பக்கத்துல "டைல்ஸ ஒடைக்க மாட்டான்". அவுக பென்சில்லதான் எழுதுவாவ. நான் பேனாவுல எழுதுனேன். எழுத்து கோணலாத்தான் போச்சு, அதுக்கு என்ன இப்ப. புக்கத் தூக்கிட்டு மாடி மாடியா ஏறி எறங்குனேன். மேல் வீட்ல, கீழ் வீட்டம்மா அவன புக் பண்ணிட்டாகன்னேன். கீழ் வீட்ல, மேல் வீட்டம்மா முந்திட்டாகன்னேன். நாலாம் மாடி மோட்டாரு, ஒண்ணாம் மாடி தொட்டின்னு பத்து நாளும் அவன் எங்க பில்டிங்க உட்டு எறங்கல. பொறவு கம்பெனி வேலயும் திரும்பிட்டு. அந்த ஒத்த ஸ்டாரு மட்டும் இன்னும் அங்கனயேதான் நிக்கி.

மொத நாளு நான் புக்கோட போனப்ப, சுஜாதாவும் இன்னும் ரெண்டு பேரும் படியில கூடி நின்னு எட்டிப் பாத்தாளுவ. ஒருத்திக்கும் அந்தத் தமிழ் எழுத்து தெரியாது. அவளுவ வாசல்ல மாட்டிருக்க பேரு எனக்கு வாசிக்கத் தெரியாது. நாப்பது வருசமா இப்பிடித்தான் ஒருத்தர் வீட்டுப் படியில ஒருத்தர் நிக்கோம். நம்பர் மட்டும் எல்லாருக்கும் ஒண்ணு. சுஜாதா ஃபோன்ல நம்பர அடிச்சிட்டே கேட்டா, "இவருக்கு எத்தன ஸ்டார் ஆண்ட்டி?"

"ஒண்ணு."

அடிச்ச வெரலு அப்பிடியே நின்னுட்டு.

"ஹவ், ஆமா, ஒண்ணேதான். போட்டது நாந்தான். எங்க ஊர்க் கணக்குக்கு அவன் ஃபர்ஸ்டு, ஒங்க ஊர்க் கணக்குக்குக் கடேசி. தண்ணி சொட்டும்போது எந்த ஊர்க் கணக்குன்னா பாப்பீங்க? மிச்ச நம்பரயும் அடிங்கட்டி"ன்னேன்.