மூன்று பேர் போதாது

அன்று என் மகனுக்குச் சளி மருந்து கொடுத்தார்களா, இல்லையா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

குவைத்தில், அப்பாசியாவில் எங்கள் மாடியிலேயே இருக்கும் ஓர் அக்காவிடம் அவனை விட்டுவிட்டு வேலைக்குப் போகிறேன். நாகர்கோவில் பக்கம், பொறுமையானவர். அன்று மாலை போனபோது அவன் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்பித் தூக்கினாலும் தலை தோளில் துவண்டது. ஏதாவது கொடுத்தீர்களா என்று கேட்டேன்.

"ஒண்ணும் கொடுக்கல மக்ளே. விளையாடிக் களைச்சு உறங்கிட்டான்."

வீட்டில் கணவர் சொன்னது வேறு. மதியம் அவர் போன் செய்தபோது, மூக்கு ஒழுகுகிறது, மருந்து கொடுத்திருக்கிறேன் என்று அக்காவே சொன்னாராம். மறுநாள் கேட்டால், என் கணவரிடம் மருந்துப் பேச்சே எடுக்கவில்லை என்கிறார் அக்கா. ஒருவேளை கொடுக்கச் சொன்னதே என் கணவர்தானோ? என் கோபத்துக்குப் பயந்து மாற்றிச் சொல்கிறாரோ?

ஆபீஸில் என் வேலை இதைப் போன்றதுதான். பல கம்ப்யூட்டர்கள் சேர்ந்து ஒரு முடிவெடுக்க வேண்டும். அதில் ஒன்று பழுதாகி மற்ற ஒவ்வொன்றிடமும் வேறுவேறு பதில் சொன்னாலும் மற்றவை ஒத்துப்போகின்றனவா என்று சோதிப்பேன். மூன்று மட்டும் இருந்தால் நடக்காது. முதலாவது மாற்றிச் சொன்னதா, இரண்டாவது மாற்றிக் கொண்டுவந்ததா என்று மூன்றாவதால் கண்டுபிடிக்க முடியாது. குறைந்தது நான்கு வேண்டும்.

இதைக் கணவரிடம் சொன்னேன்.

"அப்போ எனக்கும் அதே கதிதானே? அவங்க உன்கிட்ட என்ன சொன்னாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தச் சிரிப்பையும் நான் நம்பவில்லை.

நாலாவது ஆள் இருக்கிறார். பக்கத்து பில்டிங் நர்ஸ், தன் மகளை அதே அக்காவிடம் விடுபவர். அன்று டியூட்டி முடிந்து மதியமே வந்து கூட்டிப்போனார். இவன் ஏன் இப்படித் தூங்குகிறான் என்று அவரும் கேட்டிருப்பார், அக்காவும் ஏதோ சொல்லியிருப்பார். ஆனால் இருவரும் ஒரே சர்ச்சுக்குப் போகிறவர்கள். நான் விசாரித்தது உடனே அக்கா காதுக்குப் போய்விடும். அவர் மனம் நொந்து, இனி பிள்ளையைக் கொண்டுவராதே என்றுவிட்டால் அவனை எங்கே விடுவேன்? கேட்காமலே இருந்தால், மருந்து கொடுத்துத் தூங்கவைக்கும் கையிலேயே தினமும் கொடுத்துவிட்டு வருகிறேனோ என்று வேலையில் மனம் நிற்பதில்லை.

பிள்ளையைப் பிறரிடம் விட்டு வேலைக்குப் போகிறவர்கள் இதைப் படித்தால் சொல்லுங்கள். அந்த நர்ஸிடம் நான் கேட்கலாமா? கேட்பதென்றால் எப்படிக் கேட்பது?