பேச்சுக் கேட்கிற பெட்டி

“இன்னும் சின்னதா வைங்க தம்பி. இன்னும். போதும், ஃபேன் சத்தம் கேக்குது பாருங்க, அந்த அளவுக்கு இருக்கட்டும்.”

கடலூர் திருப்பாதிரிப்புலியூர்க் கடைத்தெருவில் ஹோம் தியேட்டர் பார்க்க வந்து, ஒலியைக் குறைக்கச் சொல்கிற ஒரே ஆள் ஜோதி மேரியாகத்தான் இருக்கும். மற்றவர்களுக்குக் கடையின் கண்ணாடிக் கதவு அதிர்ந்தால்தான் திருப்தி. இவர் டிவிக்கு முதுகைக் காட்டி நாற்காலியைத் திருப்பிப் போடுவார். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிவிடுவார். திரையில் யார் யாரைத் தூக்கி வீசுகிறார்கள் என்பது அவருக்கு வேண்டாத சமாச்சாரம். கடைக்காரர் அன்பரசுவுக்கு இது பழகிவிட்டது. புதிதாக வந்த வாடிக்கையாளர்கள்தான் அம்மாவுக்கு மயக்கமோ என்று தண்ணீர் எடுத்து வருவார்கள்.

வயது நாற்பத்தொன்பது. சிதம்பரம் தொலைபேசி நிலையத்தில் இப்போது கவுண்டரில் உட்கார்ந்து பில் சந்தேகம் தீர்க்கிறார். வேலைக்குச் சேர்ந்தது டிரங்க் கால் ஆபரேட்டராக. ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு பத்துப் பன்னிரண்டு வருஷம் ஊரையும் ஊரையும் இணைத்துவிட்டவர். ‘ஹலோ’ என்ற ஒரு வார்த்தையில், பேசுகிறவருக்கு ஜலதோஷமா, இல்லை அழுதுவிட்டு வந்திருக்கிறாரா என்று பிரித்துச் சொல்லிவிடுவார். அந்தக் காதுதான் இன்றைக்கும் அவருக்கு அளவுகோல். “பேசறதுக்கு முன்னால மூச்சு இழுப்பாங்க இல்ல, அது கேக்கணும். கேட்டுச்சுன்னா லைன் கிளியர். கேக்கலன்னா பெட்டிய மூடி உள்ள வச்சிடுங்க.”

அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் வாட்ஸ் கணக்கு அவரிடம் செல்லாது. ஒருமுறை அன்பரசு, “மேடம், இது எட்டாயிரம் வாட்ஸ்” என்று பெருமையாகத் தட்டிக் காட்டினார். “எட்டாயிரமா? அப்ப நெய்வேலிலேருந்து தனியா ஒரு லைன் இழுத்துக் குடுத்துடுவீங்களா தம்பி?” என்று முகம் மாறாமல் கேட்டார் ஜோதி மேரி. அன்றிலிருந்து அந்தக் கடையில் அவரிடம் யாரும் வாட்ஸ் பேசுவதில்லை.

ஹோம் தியேட்டர் வாங்கின வீடுகளிலிருந்தும் கூப்பிடுவார்கள். சேத்தியாத்தோப்பில் ஒரு வீட்டில் ஐந்து ஸ்பீக்கரையும் ஷோகேஸில் பொம்மைகளுக்கு நடுவே வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள். புவனகிரியில் ஒரு வீட்டில் ‘தும் தும்’ என்று அதிர்கிற பாஸ் பெட்டியின் மேல் தண்ணீர்க் குடம் இருந்தது. ஜோதி மேரி அனுமதியெல்லாம் கேட்க மாட்டார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு எல்லாவற்றையும் இடம் மாற்றிவிட்டு, கடைசியில் தவறாமல் ஒரு திட்டு வைப்பார். “டிவி சவுண்ட மொதல்ல ஊமையாக்குங்க. டிவியும் பேசி, இதுவும் பேசுனா ரெண்டு பேர் ஒரே நேரத்துல பேசுன மாதிரிதான். யாரு பேச்ச கேக்கறது?” ஸ்பீக்கர்களையெல்லாம் இயக்குகிற ரிசீவர் பெட்டி அவருக்கு ஒரு சின்ன டெலிபோன் எக்ஸ்சேஞ்ச். எந்தச் சத்தம் எந்த ஸ்பீக்கருக்குப் போக வேண்டும் என்று பிரித்து அனுப்புகிற ஆபரேட்டர் அதற்குள் உட்கார்ந்திருக்கிறார். நல்ல ஆபரேட்டரா, தூங்குமூஞ்சியா என்பதுதான் கேள்வி.

இத்தனை கரிசனமும் ஊருக்காக இல்லை. அவருடைய கணவர் ஞானராஜ் ரைஸ் மில்லில் இருபத்தெட்டு வருஷம் மிஷின் பார்த்தவர். அந்த இரைச்சலில் காது கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. முழுச் செவிடு இல்லை. பஸ் ஹாரன் கேட்கும், கோயில் மணி கேட்கும், பாட்டு கேட்கும். பேச்சு மட்டும் கலங்கிப் போகும். காது மிஷின் வாங்கியாயிற்று. “காதுக்குள்ளயே மில்லு ஓடுது மேரி” என்று மூன்றாம் நாளே கழற்றி பீரோவில் வைத்துவிட்டார்.

மனிதருக்குக் காமெடிப் படம் என்றால் உயிர். கல்யாணமான புதிதில் ஒரே படத்துக்கு மூன்று முறை மனைவியைக் கூட்டிப்போய், வசனத்தை நடிகருக்கு முன்னால் சொல்லிப் பக்கத்து சீட்டில் திட்டு வாங்கினவர். அவர்தான் டிவி முன்னால் உட்கார்ந்து “என்னா சொன்னான்?” என்று கேட்க ஆரம்பித்தார். ஜோதி மேரி சொல்லி முடிப்பதற்குள் அடுத்த ஜோக் போய்விடும். டிவி ஒலியைக் கூட்டினால் இசையும் சேர்ந்து கூடி, பேச்சு இன்னும் முங்கிப்போகும். போன வருஷம் அவர் அப்படிக் கேட்பதை நிறுத்திவிட்டார். மற்றவர்கள் சிரிக்கும்போது தானும் சிரித்தார். கேட்காததுகூடப் பரவாயில்லை, கேட்ட மாதிரி சிரித்தாரே, அதைத்தான் ஜோதி மேரியால் தாங்க முடியவில்லை. பிறகு அந்தச் சிரிப்பும் நின்றது. டிவி போட்டால் பேப்பரை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார்.

அப்போதுதான் ஜோதி மேரி ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார். டிவிடி படத்தில் பேச்சு முக்கால்வாசி நடு ஸ்பீக்கர் வழியாகத்தான் வருகிறது. ரிசீவர் நல்லதாக இருந்தால் நடு ஸ்பீக்கரை மட்டும் தனியாகக் கூட்டலாம். இசையும் வெடிச்சத்தமும் இருந்த இடத்திலேயே இருக்கும். ஸ்பீக்கர்களை உடனே வாங்கிவிட்டார். அவற்றுக்கு ஏற்ற ரிசீவர்தான், பெண்ணுக்கு மாப்பிள்ளை அமையாத மாதிரி, தள்ளித் தள்ளிப் போனது. மூன்றைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தாயிற்று. நடு ஸ்பீக்கரைக் கூட்டினால் ஒன்றில் பேச்சு தகர டப்பாவுக்குள்ளிருந்து வந்தது, மற்ற இரண்டில் சத்தம் ஏறவே இல்லை. “நாலாவதோட விட்டுடு மேரி. எனக்கு பேப்பர் போதும்” என்று ஞானராஜ் சொல்லிவிட்டார்.

அந்த நாலாவது போன சனிக்கிழமை வந்தது. “ஒரே பீஸ்தான் இருக்கு மேடம். திங்கக்கிழமை காலைல அத வாங்க லால்பேட்டை பார்ட்டி வந்துடுவாரு. உங்களுக்காகத்தான் ரெண்டு நாள் குடுக்கறேன்” என்றார் அன்பரசு. கடலூரிலிருந்து சிதம்பரம் வரை பஸ்ஸில் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார் ஜோதி மேரி. லக்கேஜ் டிக்கெட் கேட்ட கண்டக்டரிடம், “மடில இருக்கறதுக்கு எதுக்குங்க லக்கேஜ்? புள்ளய வச்சிருந்தா கேப்பீங்களா?” என்றார். கண்டக்டர் விசிலை ஊதிக்கொண்டு முன்னால் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் ஒயர் வேலை ஆரம்பமானது. மதியம் கரண்ட் இல்லை. ஜோதி மேரி வேர்த்து ஒழுக ஒவ்வொரு முனையையும் திருகி மாட்டினார். நடு ஸ்பீக்கரை டிவிக்குக் கீழே ஒரு முக்காலியில் வைத்து, அடியில் பழைய காலண்டரை மடித்துக் கொடுத்து, அதன் முகம் ஞானராஜின் முகத்தைப் பார்க்கிற மாதிரி நிமிர்த்தினார். பொரித்த மீன் ஆறிப்போனது. நாலு மணிக்கு ஃபேன் சுற்றியதும், முதல் ராங்க் வாங்கின பிள்ளை மாதிரி வாசலுக்கு ஓடினார். “வாங்க, வாங்க. கரண்ட் திரும்பப் போறதுக்குள்ள வந்து உக்காருங்க.”

ஞானராஜ் பேப்பரைக் கையிலேயே வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். டிவிடி ஓடியது. இரண்டு பேர் ஒரு சைக்கிளுக்காகச் சண்டை போடுகிற காமெடி. ஜோதி மேரி நடு ஸ்பீக்கரை இரண்டு புள்ளி கூட்டினார். ஞானராஜ் தலையை ஆட்டினார், இல்லை என்று. நாலு. இல்லை. ஆறு.

“சத்தம் ஜாஸ்தியா வருது மேரி. ஆனா ரெண்டு ரெண்டா கேக்குது. ஒருத்தன் சொன்னதயே இன்னொருத்தன் பின்னால சொல்ற மாதிரி இருக்கு.” பேப்பரை மடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தார். “வுடு. லால்பேட்டக்காரராவது நல்லா கேக்கட்டும்.”

ரிசீவரை அணைக்க ஜோதி மேரி கையை நீட்டினார். ஆனால் ரெண்டு ரெண்டா என்ற அந்த வார்த்தை அவர் காதைப் பிடித்து இழுத்தது. கண்ணை மூடினார். படம் போட்டதிலிருந்து அவர் சத்தத்தையே கேட்கவில்லை, புருஷன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது கேட்டது. முக்காலியிலிருந்து ஒரு பேச்சு, அதற்கு ஒரு மயிரிழை தள்ளி, டிவியிலிருந்து இன்னொரு பேச்சு.

“அட என் மாதாவே, டிவிய ஊமையாக்கல” என்றார். ஊரில் இத்தனை வீட்டுக்கும் இதே திட்டை வைத்தவர், தன் வீட்டில் கோட்டை விட்டுவிட்டார். வெட்கமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. “உக்காருங்க, ஒரே நிமிஷம், லைன்லயே இருங்க.”

டிவி ரிமோட்டைத் தேடப் பொறுமை இல்லை. டிவி முன்னால் மண்டியிட்டு, கீழ்விளிம்பில் இருந்த பொத்தானை அழுத்திப் பிடித்தார். திரையில் பச்சைக் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்து பூஜ்யத்துக்கு வந்தன. ஒரு பேச்சு அடங்கியது. மற்றது மட்டும் நின்றது, சுத்தமாக, மூச்சு இழுப்பதோடு சேர்த்து.

சைக்கிள்காரன் ஏதோ சொன்னான். ஜோதி மேரிக்கு அது மனதில் ஏறுவதற்குள் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. தொடையில் தட்டிக்கொண்டு சிரிக்கிற, ரொம்ப நாளாகக் கேட்காத சிரிப்பு. சைக்கிள்காரன் இன்னும் பேசிக்கொண்டிருந்தான்.

மண்டியிட்ட நிலையிலேயே திரும்பினார். “கேக்குதாங்க?” என்றார்.

பேப்பர் தரையில் கிடந்தது. நடு ஸ்பீக்கரை மறைத்துக்கொண்டிருந்த மனைவியை ஞானராஜ் பார்க்கக்கூட இல்லை. கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல், காய்கிற நெல்லிலிருந்து கோழியை விரட்டுகிற மாதிரி, புறங்கையை இரண்டு தரம் வேகமாக வீசினார், தள்ளு, தள்ளு என்று.