இன்னும் கூட்டாளி வேணுமா?

இலங்கையில், தெமோதரைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். என் மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. ஒருநாள் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளைக் காட்டி, தன் காதைத் தொட்டு, தன்னைப்போல வேறு யாருமே இல்லையா என்று கையசைத்துக் கேட்டாள். அன்றே எங்கள் ஊவா மாகாணத் தோட்டத்து ஆட்களின் பேஸ்புக் குழுவில் எழுதினேன்: "காது கேக்காத புள்ள யாரு வீட்டுலயாவது இருக்கா? எம் மகளுக்கு ஒரு கூட்டாளி வேணும்."

அழுகிற முகங்கள் வந்தன, கும்பிடுகிற கைகள் வந்தன. கடவுள் பார்த்துக்கொள்வார் என்றார்கள். கூட்டாளி மட்டும் வரவில்லை. பிறகு கடன் தருகிறவர்களும் வெளிநாட்டு வேலை தருகிறவர்களும் என் கேள்விக்குக் கீழே வந்து கடை விரித்தார்கள்.

குழுவை நடத்துவது எங்கள் தோட்டத்திலிருந்து கொழும்புக்கு வேலைக்குப் போன ஒரு தம்பி. மூன்று மாதம் பேச்சில்லாமல் கிடக்கிற பதிவுகளில் இனி யாரும் பதில் எழுத முடியாதபடி மூடப்போவதாக அறிவித்தான். ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. உடனே போன் போட்டேன்.

"என்னோடத மூடாத தம்பி."

"பழசுலதான்க்கா விளம்பரக் குப்ப சேருது. வேணும்னா புதுசா ஒன்னு போடுங்களேன்."

"புதுசா போட்டாலும் அதையும் மூணு மாசத்துல மூடுவ. ஒங்கம்மா எப்ப பேஸ்புக் பாக்குறாங்க, அதச் சொல்லு."

"நான் லீவுல வர்றப்ப. என் போன்ல."

அதுதான் விஷயம். நாங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் பாதி வீடுகளின் நல்ல போன் கொழும்பில் இருக்கிறது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் டிசம்பர் நத்தாருக்கும் பிள்ளைகள் ரயிலேறி வரும்போதுதான் அதுவும் வரும். அப்போதுதான் அம்மாமார் தேடவும் கேட்கவும் உட்காருவார்கள். அதற்குள் பதிவை மூடிவிட்டால் அவர்கள் எப்படிப் பதில் எழுதுவார்கள்? இங்கேயே பிறந்து வளர்ந்தவன் இதை மறந்துவிட்டானே என்றுதான் எனக்குக் கோபம்.

"சரிக்கா, எல்லாமே தெறந்து கெடக்கட்டும். ஆனா குப்பைய நீங்கதான் கூட்டணும்," என்று அந்த வேலையை என் தலையில் கட்டினான். சாப்பாட்டு நேரத்தில் மலையில் உட்கார்ந்து, ஒரு கையில் ரொட்டியும் ஒரு கையில் போனுமாக, வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே விளம்பரங்களை அழித்தேன்.

பொங்கல் வந்து போனது. ஒன்றும் இல்லை. அவனிடம் போட்ட சண்டை வீண்தானோ என்றுகூடத் தோன்றியது. அடுத்த தீபாவளிக்கு மறுநாள் ஒரு பதில் கிடந்தது.

"அக்கா, நான் அப்புத்தளப் பக்கம் தோட்டம். மகன் லீவுக்கு வந்திருக்கான். அவன் போன்ல காது கேக்காத புள்ளைங்கள பத்தித் தேடுனேன், ஒங்க கேள்வி வந்துச்சு. என் சின்ன மகளும் அப்படித்தான். இன்னும் கூட்டாளி வேணுமா?"

வேணுமாவா! அழுகையில் எழுத்தே தெரியவில்லை. எப்படியோ பதில் எழுதி, அந்த ஞாயிற்றுக்கிழமையே மகளைக் கூட்டிக்கொண்டு ரயிலேறினேன்.

அப்புத்தளை ஸ்டேஷனில் இரண்டு பிள்ளைகளும் ஒன்றையொன்று முறைத்துப் பார்த்தன. இருவருக்கும் யாரும் சைகை மொழி கற்றுக்கொடுத்ததில்லை; வீட்டோடு பேசத் தாங்களாக உண்டாக்கிக்கொண்ட சைகைகள்தான். என் மகள் தண்ணீர் என்று கையைக் காட்டினாள், அந்தப் பிள்ளைக்குப் புரியவில்லை. அவள் ஏதோ கேட்டாள், இவளுக்குப் புரியவில்லை. இரண்டு அம்மாமாருக்கும் முகம் விழுந்துவிட்டது.

அப்போது அந்தப் பிள்ளை தன் அம்மாவைக் காட்டி, கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டுவதுபோல இரண்டு கைகளையும் உச்சியிலிருந்து முதுகுப் பக்கம் கொண்டுபோனாள். என் மகள் ஒரு நிமிடம் அசையாமல் நின்றாள். பிறகு துள்ளிக்கொண்டு வந்து என்னை முன்னால் இழுத்து நிறுத்தி, தானும் அப்படியே செய்து காட்டினாள். எங்கள் வீட்டிலும் அம்மா என்றால் அதுதான்.